இயற்கையோடு இயைந்த வீடு: சிக்கனக் கட்டுமானத்தின் பொருளாதாரம்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்பது பழமொழி. ஒரு சாதாரணக் குடும்பம் தன் ஆயுளில் செய்யும் மிகப் பெரிய முதலீடு வீடே ஆகும். மாடு வாங்கும்போதும் விதை வாங்கும்போதும் நூறு கேள்வி கேட்கும் குடும்பம், வீடு கட்டும்போது மட்டும் அண்டை வீட்டைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறது. அம்முடிவின் சுமையை அடுத்த இருபது ஆண்டுகள் கடனாகவும் வெப்பமாகவும் மின்கட்டணமாகவும் சுமக்கிறது.

அண்மைக் காலத்தில் எளிய வீடு, இயற்கையோடு இயைந்த வீடு என்னும் கருத்துக்கு நம் நாட்டில் மதிப்பு உயர்ந்துள்ளது. பூச்சு இல்லாத சுவர், அலங்காரம் ஒழிந்த அறை, மரத்தை வெட்டாமல் அதன் நிழலிலேயே எழுப்பிய கூடம் ஆகியவற்றைப் படங்களில் கண்டு வியப்போர் பலர். இவ்வியப்பு வரவேற்கத்தக்கதே. எனினும் வளர்ச்சிப் பொருளாதாரம் பயில்வோர் இங்கு ஒரு கேள்வியை எழுப்பியாக வேண்டும். அத்தகைய வீடு வசதி படைத்தோரின் புதிய அலங்காரமா? குறைந்த வருவாயுள்ள குடும்பத்தின் செலவைக் குறைத்து வாழ்வை உயர்த்தும் வழியா? கேரளம் இக்கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு விடையைத் தேடத் தொடங்கியது. அவ்விடையையும், அது எதிர்கொண்ட தடைகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைப்புறத்தின் தட்பவெப்பம்

வீட்டைப் பற்றிய ஆராய்ச்சி நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் அமைந்த இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் இருப்புப் பாதையில், தமிழ்நாட்டு எல்லையைக் கடந்ததும் வரும் ஊர் மீனாட்சிபுரம். தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் அது உள்ளது. கேரளம் என்றவுடன் மனத்தில் தோன்றும் ஓயாத மழையும் அடர்ந்த பசுமையும் இப்பகுதிக்கு முழுமையாகப் பொருந்தா. மாநிலத்தின் பிற பகுதிகளை நோக்க இங்கு மழை குறைவு, பனைமரம் மிகுதி. 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி கிடைக்கும் நீரைச் சித்தூர் வேளாண்மை பெரிதும் நம்பியுள்ளது.

தென்மேற்குப் பருவக் காலத்தில் கணவாய் வழியே மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். குளிர் மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டுவதும் உண்டு. ஆகவே இங்கு அமையும் வீடு மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். கோடை வெயிலைத் தடுக்க வேண்டும்; மேற்குக் காற்றை அளவோடு உள்ளே விட வேண்டும்; பருவமழையின் சாரலைச் சுவரில் படாமல் தள்ள வேண்டும்.

இவ்வட்டாரத்தின் பழைய வீடுகள் இம்மூன்றையும் கருதியே எழுந்தன. தடித்த மண் சுவர், பனஞ்சட்டத்தின் மேல் ஓலை அல்லது ஓடு, நீண்டு இறங்கும் இறவாரம், அதன் நிழலில் திண்ணை ஆகியவை அவற்றின் உறுப்புகள். அவை குறையற்றவை அல்ல. இருட்டும் கரையானும், ஆண்டுதோறும் ஓலை மாற்றும் செலவும் அவற்றில் இருந்தன. இன்று அவற்றின் இடத்தை நான்கு சிமெண்ட் சுவர்களும் தட்டையான கான்கிரீட் தளமும் பிடித்துள்ளன. பகல் முழுவதும் வெயிலை உண்ட தளம், இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அனற்காற்றையே சுழற்றுகிறது. கரையானும் ஒழுகலும் நீங்கின, வெப்பம் குடியேறியது. பழைமையின் குறைகளையும் புதுமையின் குறைகளையும் ஒருங்கே தவிர்க்க இயலுமா என்பதே கட்டடக் கலையின் முன்னுள்ள வினா.

எளிமையின் இரு வகை

எளிமை என்னும் சொல்லை இங்கு வரையறை செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் 1951ஆம் ஆண்டு ஒரு வீடு கட்டி முடிக்கப்பட்டது. மீஸ் வான் டெர் ரோ என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்னும் மருத்துவருக்காக அமைத்த ஓய்வு இல்லம் அது. எஃகுத் தூண்கள், இரு கிடைத்தளங்கள், நான்கு புறமும் கண்ணாடி. வேறு எதுவும் இல்லை. இயற்கையின் நடுவே மனிதன் வாழும் வடிவம் என உலகம் அதனைப் போற்றியது. ஆனால் செலவு மதிப்பீட்டை மீறியது. உரிமையாளரும் கலைஞரும் நீதிமன்றம் சென்றனர். கோடையில் வெப்பமும் குளிர்காலத்தில் குளிரும் கண்ணாடியைக் கடந்து வந்தன. ஆற்று வெள்ளமும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை உள்ளே புகுந்தது. இன்று அவ்வீடு பொதுமக்கள் காணும் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

அங்குக் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் குறைவு. செலவான பொருளும் ஆற்றலும் மிகுதி. இதனைத் தோற்றத்தின் எளிமை எனலாம். இதற்கு மாறாகச் செலவிடும் பொருளையும் எரிபொருளையும் குறைத்து, வாழும் வசதியைக் குறைக்காத எளிமை மற்றொரு வகை. இதனைப் பயன்பாட்டின் எளிமை எனலாம். கேரளத்தில் லாரி பேக்கர் காட்டிய வழி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

பேக்கர் பெற்ற பயிற்சி

லாரி பேக்கர் 1917ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள பர்மிங்காமில் பிறந்தார். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த அவர், கட்டடக் கலையில் பட்டம் பெற்றபின் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டில் ஈடுபட்டார். தாயகம் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு சிற்றூரின் சிறந்த வீடு, அவ்வூரைச் சுற்றி ஐந்து மைல் எல்லைக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்படுவதாக இருக்க வேண்டும் என்னும் கருத்தை அடிகளிடமிருந்து பெற்றதாகப் பேக்கர் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

1945இல் தொழுநோயாளர் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணிக்காக அவர் இந்தியா வந்தார். 1948இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கபை மணந்தார். அதன்பின் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் இருவரும் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். அம்மலைவாழ் மக்களின் கல் வீடுகளே தமக்குக் கிடைத்த உண்மையான பாடநூல் எனப் பேக்கர் கருதினார். கல்லூரியில் கற்ற வரைபடங்கள் அங்குப் பயன்படவில்லை. கிடைக்கும் கல்லையும் மரத்தையும் கொண்டு, குளிரையும் பனியையும் கணக்கிட்டு, தலைமுறை தலைமுறையாகத் திருத்தி அமைக்கப்பட்ட முறை அங்கு இருந்தது.

1963இல் அக்குடும்பம் கேரளத்தின் வாகமண் மலைக்கு வந்தது. இன்றைய இடுக்கி, கோட்டயம் மாவட்டங்களின் எல்லையில் உள்ள உயர்நிலம் அது. அங்கும் மருத்துவத் தொண்டும் கட்டடப் பணியும் இணைந்து நடந்தன. பித்தோராகரின் கல் வீட்டை அவர் வாகமண்ணுக்கோ, பின்னர்த் திருவனந்தபுரத்துக்கோ எடுத்துச் செல்லவில்லை என்பது கருதத்தக்கது. அவர் எடுத்துச் சென்றது அவ்வீட்டின் பின்னிருந்த கேள்விகளை மட்டுமே: இங்கு எது கிடைக்கிறது, இங்கு வெயிலும் காற்றும் எத்திசையில் வருகின்றன, இங்குள்ள கொத்தனார் எதில் வல்லவர்?

செலவைக் குறைக்கும் முறைகள்

பேக்கரின் முறைகள் ஒவ்வொன்றும் எளிய கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றுள் முதன்மையானது எலிப்பொறிக் கட்டு எனப்படும் சுவர் முறை. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கற்கள் படுக்கையாக அடுக்கப்பட்டுச் சுவர் முழுவதும் கெட்டியாக நிரம்பும். எலிப்பொறிக் கட்டில் செங்கல் பக்கவாட்டில் நிறுத்தப்படும். இருபுறமும் மூன்று அங்குலம் செங்கல், நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம். சுவரின் தடிப்பு அதே ஒன்பது அங்குலம். செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது, சாந்தும் குறைகிறது. நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே செலவு குறைந்த சுவரே குளிர்ந்த சுவராகவும் அமைகிறது.

இரண்டாவது, ஓடு பதித்த கான்கிரீட் கூரை. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியே ஆகும். கம்பிகளுக்கு இடையேயுள்ள கான்கிரீட் அங்குப் பெரும்பாலும் வெறும் பாரமே. அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தால் சிமெண்ட் குறைகிறது; தளத்தின் எடை குறைவதால் கம்பியும் குறைகிறது. வெப்பமும் குறைந்த அளவே இறங்குகிறது. ஓட்டின் அடிப்பகுதி கூரையின் உட்புறத்தில் கோலம் போலத் தெரிவதால் பூச்சும் தேவைப்படுவதில்லை.

மூன்றாவது, துளைச்சுவர். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி எழுப்பும் இச்சுவர், மரச் சன்னலுக்கு ஆகும் செலவைத் தவிர்க்கிறது. காற்று வரும், வெளிச்சம் சிதறி வரும், வெளியார் பார்வை உள்ளே படாது. வாசல், சன்னல்களின் மேலே கான்கிரீட் லிண்டலுக்குப் பதிலாகச் செங்கல் வளைவு அமைப்பது நான்காவது முறை. வளைவில் சுமை முழுவதும் அழுத்தமாகவே இறங்குவதால் இரும்புக்கு அங்கு வேலையில்லை.

ஐந்தாவது, அறையின் வடிவம். 100 சதுர அடி பரப்புள்ள அறையை 5 அடிக்கு 20 அடியாக அமைத்தால் சுவரின் மொத்த நீளம் 50 அடி. 10 அடிக்கு 10 அடியாக அமைத்தால் 40 அடி. வட்டமாக அமைத்தால் ஏறத்தாழ 35½ அடியே போதும். தரைப்பரப்பு மூன்றிலும் ஒன்றே. பேக்கரின் கட்டடங்களில் வட்டங்களும் வளைவுகளும் மிகுந்திருப்பதை அழகுணர்ச்சி என்று மட்டும் கொள்வோர் இக்கணக்கைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

இவற்றோடு, தேவையற்றதை நீக்கும் பழக்கமும் சேர்கிறது. நல்ல செங்கல்லை ஒழுங்காக அடுக்கினால் சிமெண்ட் பூச்சு ஏன்? பூச்சு இல்லையெனில் வண்ணம் ஏன்? கதவு தேவையில்லாத இடத்தில் நிலைச்சட்டம் ஏன்? இக்கேள்விகளை அவர் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். பூச்சும் வண்ணமும் ஒருமுறைச் செலவு அல்ல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் செலவு என்பதை நோக்கினால் இக்கேள்வியின் ஆழம் புலப்படும்.

உள்ளூர் வளர்ச்சி ஆய்வு மையம்

இம்முறைகள் ஏழையின் குடிசைக்கு மட்டுமே ஏற்றவை என்னும் ஐயத்தைப் போக்கியது திருவனந்தபுரம் உள்ளூர் பகுதியில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மையமாகும். பொருளாதார அறிஞர் கே. என். ராஜ், அன்றைய முதலமைச்சர் சி. அச்சுத மேனன் ஆகியோரின் முயற்சியால் 1970களின் தொடக்கத்தில் அமைந்த அந்நிறுவனத்தின் வளாகத்தைப் பேக்கர் வடிவமைத்தார். பொருளாதார வளர்ச்சியை ஆராயும் நிறுவனம், தன் கட்டடத்தின் வாயிலாகவே ஒரு பொருளாதாரக் கருத்தைக் கூறியது எனலாம்.

குன்றின் சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவின் போக்கிலேயே கட்டடங்கள் அமைக்கப்பட்டன. இருந்த மரங்கள் பெரிதும் காக்கப்பட்டன. மரம் குறுக்கிட்ட இடத்தில் சுவர் வளைந்து சென்றது. வட்ட வடிவ நூலகக் கோபுரம் நடுவில் உயர்ந்தது. துளைச்சுவர்களின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வருமாறும், வெப்பக் காற்று மேலேறி வெளியேறுமாறும் முற்றங்களும் சிறு குளங்களும் திட்டமிடப்பட்டன. மரத்தைக் காத்தது அருளுணர்ச்சியால் மட்டும் அன்று. மர நிழல் விலையின்றிக் கிடைக்கும் குளிர்ச்சி. சரிவை வெட்டாமை மிச்சமாகும் கூலி. மண் அரிப்பைத் தவிர்ப்பது பிற்காலப் பராமரிப்பில் ஆதாயம். இயற்கையோடு இயைதல் என்பதும் சிக்கனம் என்பதும் இங்கு ஒரே செயலின் இரு பெயர்களாயின.

பணம் எங்கே தங்குகிறது?

பேக்கரின் வழியில் பொருளாதார மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. ஒரு வீட்டின் செலவை இரு கூறாகப் பிரிக்கலாம். ஒன்று, ஊருக்கு வெளியே செல்லும் பணம்: சிமெண்ட், இரும்பு, கண்ணாடி, தொழிற்சாலை வண்ணம் ஆகியவற்றின் விலை. மற்றொன்று, ஊருக்குள் தங்கும் பணம்: கொத்தனார், சித்தாள், தச்சர் ஆகியோரின் கூலியும், அருகில் கிடைக்கும் மண், கல், சுண்ணாம்பு ஆகியவற்றின் விலையும்.

எடுத்துக்காட்டாக, 4 லட்ச ரூபாயில் ஒரு வீடு கட்டப்படுவதாகக் கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளூரில் தங்கினால் சுமார் 1 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய் அவ்வூர்க் கடைகளிலும் சந்தையிலும் மீண்டும் சுழலும். பாதி தங்கினால் 2 லட்ச ரூபாய் சுழலும். ஓர் ஊராட்சியில் ஓராண்டில் இத்தகைய 100 வீடுகள் எழுமானால், வேறுபாடு ஏறத்தாழ 67 லட்ச ரூபாயாகும். அரசு ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவிடாமல், வடிவமைப்பை மாற்றுவதன் மூலமாகவே கிடைக்கும் வேலைவாய்ப்பு இது. துளைச்சுவரும் வளைவும் மிகுந்த உழைப்பை வேண்டுவன என்பது உண்மையே. மூலதனம் அரிதாகவும் உழைப்பு மிகுதியாகவும் உள்ள நாட்டில் அது குறையன்று என்பதே பேக்கரின் வாதம்.

ஆற்றல் கணக்கும் இதனோடு இணைந்ததே. சிமெண்ட் தயாரிக்கச் சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியால் விளைவது. சிமெண்ட் இன்றி இன்றைய வாழ்வு இல்லை. பாலத்துக்கும் அணைக்கும் வேண்டிய அப்பொருளை, தேவையில்லாத சுவர்ப் பூச்சில் அள்ளிப் பூசுவது ஏன் என்பதே கேள்வி.

பரவலுக்கு நேர்ந்த தடைகள்

இவ்வழியைப் பரப்ப நிறுவனங்களும் தோன்றின. அச்சுத மேனன், கே. என். ராஜ், பேக்கர் ஆகியோர் இணைந்து 1985இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு காஸ்ட்ஃபோர்டு என்னும் ஊரகத் தொழில்நுட்ப அமைப்பை நிறுவினர். 1980களின் நடுவில் கொல்லத்தில் நிர்மிதி கேந்திரம் தொடங்கப்பட்டது. கொத்தனார்களுக்குப் பயிற்சியும் குறைந்த செலவுக் கட்டுமானப் பொருள்களும் வழங்கிய அம்மாதிரியைப் பின்பற்றி, 1988 முதல் மத்திய அரசு நாடெங்கும் கட்டுமான மையங்களுக்கு ஆதரவளித்தது. பேக்கருக்கு 1990இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007இல் அவர் மறைந்தார்.

இத்தனை இருந்தும் கேரளத்தின் பெரும்பாலான வீடுகள் இவ்வழியில் செல்லவில்லை. காரணங்களை நேர்மையாக ஆராய வேண்டும்.

முதற் காரணம் சமூக மதிப்பு. தலைமுறைகளாக மண் சுவருக்குள் வாழ்ந்த குடும்பத்துக்குச் சிமெண்ட் பூச்சு என்பது ஏழ்மையிலிருந்து விடுபட்டதன் அடையாளம். வசதி படைத்தவர் பூச்சை விலக்கினால் அது ரசனை. ஏழை விலக்கினால் அது பற்றாக்குறை. எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்னும் கட்டடக் கலைஞர் 1940களில் லக்சர் அருகே மண் செங்கல்லால் புதிய குர்னா என்னும் சிற்றூரை எழுப்பினார். அழகிலும் சிக்கனத்திலும் அது உலகப் புகழ் பெற்றது. ஆனால் பழங்காலக் கல்லறைகளை ஒட்டி வாழ்ந்து, அவற்றாலேயே பிழைத்துவந்த மக்கள் அங்குக் குடியேற மறுத்தனர், திட்டம் முற்றுப்பெறவில்லை. குடியிருப்போரின் பிழைப்பையும் விருப்பத்தையும் கேளாத வீடு, எத்துணை இயற்கையானதாயினும் நிலைக்காது என்பது அதன் பாடம்.

கேரளத்திலும் இதற்கு ஒப்பான அனுபவம் உண்டு. 1970களில் நிறைவேறிய லட்சம் வீடு திட்டம் நிலமற்ற தொழிலாளருக்குக் கூரை அளித்த பெரும் முயற்சியாகும். செலவைக் குறைக்க, ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்ட இரட்டை வீடுகள் பல கட்டப்பட்டன. குடும்பம் பெருகியபோது அப்பொதுச் சுவரே இடையூறாயிற்று. தனி வீடுகளாக மாற்றித் தருமாறு மக்கள் கேட்டனர். சிக்கனம் மதிப்பைக் குறைக்குமானால் மக்கள் அதனை ஏற்பதில்லை.

இரண்டாவது காரணம் தொழில் முறை. கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் எனக் கட்டணம் கணக்கிடும் முறையில், செலவைக் குறைக்கும் வடிவமைப்பாளர் தம் வருவாயையும் தாமே குறைத்துக்கொள்கிறார். பேக்கர் வந்த கடிதங்களின் பின்புறத்தில் வரைபடம் வரைந்தார். நாள்தோறும் கட்டுமான இடத்தில் நின்று கொத்தனாருடன் சேர்ந்து முடிவெடுத்தார். ஒரு தனி மனிதரின் இவ்வர்ப்பணிப்பை ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு விரிவாக்க ஒப்பந்தமுறையில் இடமில்லை.

மூன்றாவது காரணம் திறமை. எலிப்பொறிக் கட்டை அறியாத கொத்தனார் அதனைத் தவறாகக் கட்டினால் மழை நீர் உட்புகும். பழி முறையின் மேல் விழும். கேரளத்தில் கூலி உயர்ந்து, பிற மாநிலத் தொழிலாளர் மிகுந்த இந்நாளில், உழைப்பை அதிகம் வேண்டும் முறையின் செலவுச் சாதகமும் முன்போல் இல்லை. இதனையும் கணக்கில் கொள்ளாத பாராட்டு வெறும் புகழ்ச்சியாகிவிடும்.

செங்கல்லும் வயல்வெளியும்

இன்னும் ஒரு சிக்கல் ஆழமானது. செங்கல் என்பது வயலின் மண். பாலக்காட்டு நெல் வயல்களிலிருந்து களிமண்ணைத் தோண்டிச் செங்கல்லும் ஓடும் சுட்டால், சிக்கன வீடு ஒரு புறம் எழ, மறுபுறம் விளைநிலம் பள்ளமாகும். சூளைக்கு விறகும் எரிய வேண்டும். நெல் வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கக் கேரளம் 2008ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. பேக்கர் இதனை அறியாதவர் அல்லர். சுடாத மண்ணே சிறந்த கட்டுமானப் பொருள் என அவர் வலியுறுத்தியதுடன், மண் கட்டுமானம் பற்றி எளிய கையேடு ஒன்றும் எழுதினார்.

ஆகவே 1970களின் செங்கல் வீட்டை அப்படியே நகல் எடுப்பது பேக்கரைப் பின்பற்றுவதாகாது. ஐந்து மைல் என்னும் அளவுகோலை மீண்டும் விரித்து அளக்க வேண்டும். மீனாட்சிபுரத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் செம்மண் உண்டு, பனை உண்டு, இடிக்கப்படும் பழைய வீடுகளின் ஓடும் மரமும் செங்கல்லும் உண்டு. சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து எந்திரத்தால் அழுத்திய மண் கற்களைச் சூளையின்றியே தயாரிக்கலாம். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனமும், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகமும் இத்துறையில் நீண்ட காலம் உழைத்துள்ளன. வீட்டின் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கி, குறுகிய சுவர்கள் மட்டுமே கிழக்கு, மேற்கு வெயிலைத் தாங்குமாறு அமைந்தால், அதற்கெனத் தனியே செலவு எதுவும் இல்லை. இறவாரத்தை இரண்டரை அடி நீட்டினால் சுவரில் சாரல் படுவது குறையும், நிழலும் கிடைக்கும்.

எச்சரிக்கையும் தேவை. 2018 ஆகஸ்டு வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் கேரளம் பெருந்துயர் உற்றது. இடுக்கி மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வெள்ள நீர் தேங்கும் தாழ்நிலத்தில் சுடாத மண் சுவர் பொருந்தாது. உயர்ந்த கல் அடித்தளமும் நீண்ட கூரையும் இல்லாத மண் வீடு நெடுநாள் நிற்காது. சரிவான மலைப்பகுதியில் எப்பொருளால் கட்டுவது என்பதற்கு முன், அங்குக் கட்டலாமா என்பதே முதற் கேள்வி. இடத்தை அறிந்து பொருளைத் தேர்தல் என்பதே இயற்கையோடு இயைதலின் பொருள்.

திட்டங்களுக்கு ஒரு பாடம்

2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம், குறைந்தது 25 சதுர மீட்டர் பரப்புள்ள வீட்டுக்குச் சமவெளியில் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயும், மலைப்பகுதியில் 1 லட்சத்து 30 ஆயிரம் ரூபாயும் உதவித் தொகையாக வகுத்தது. கேரள அரசின் லைஃப் திட்டத்தில் 4 லட்ச ரூபாய் என்னும் அளவு பின்பற்றப்பட்டது. உதவித் தொகைக்கு மேல் ஆகும் செலவைக் குடும்பம் கடனாகவே திரட்டுகிறது. வடிவமைப்பில் மிச்சமாகும் ஒவ்வொரு ஆயிரமும் அக்கடனில் குறையும் ஆயிரமாகும். மறுபுறம், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தின் மொத்தக் கட்டடங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆளின்றிப் பூட்டிக் கிடந்தது. சிமெண்டும் ஆற்று மணலும் கல்லும் விழுங்கிய வீடுகள் ஒருபுறம் காலியாக நிற்க, கூரையற்றோர் மறுபுறம் காத்திருப்பது, கட்டுமானத்தின் அளவைக் காட்டிலும் அதன் பங்கீடே முக்கியம் என்பதை உணர்த்துகிறது.

இவ்வாராய்ச்சியிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, பயிற்சி வீட்டுக்கு முன்னே செல்ல வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் சில கொத்தனார்களேனும் மாற்று முறைகளில் தேர்ச்சி பெறாதவரை கையேடுகளால் பயனில்லை. இரண்டாவது, மாதிரி முதலில் அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் ஊராட்சிக் கட்டடத்திலும் எழ வேண்டும். தலைமை ஆசிரியரும் ஊராட்சித் தலைவரும் பூச்சில்லாச் சுவருக்குள் அமர்ந்து பணியாற்றும் ஊரில், அச்சுவர் ஏழ்மையின் அடையாளமாக எண்ணப்படாது. மூன்றாவது, பயனாளியின் பேச்சுக்கு இடம் வேண்டும். சமையல் எங்கே, மாடு எங்கே, விறகு எங்கே, நாளை மகன் மணம் முடித்தால் அறை எங்கே என்பதை வரைபடம் போடுமுன் கேட்டறிவதற்குச் செலவில்லை. கேளாததற்கே செலவு உண்டு.

அழகிய வீட்டைக் கண்டு வியப்பது இயல்பு. அவ்வியப்பு, சுவரின் வழவழப்பில் நின்றுவிடாமல், அச்சுவருக்குள் எவ்வளவு எரிபொருள் புதைந்துள்ளது, எத்தனை பேருக்குக் கூலி கிடைத்தது, எந்த வயல் பள்ளமாயிற்று என்று கேட்குமளவுக்கு வளர வேண்டும். ஏப்ரல் மாத நடுப்பகலில் கணவாய்க் காற்று அனலாக வீசும் வேளையில், கூலி வேலை முடித்து வரும் தாயும் பள்ளிவிட்டு வரும் குழந்தையும் மின்விசிறியை நம்பாமல் இளைப்பாற இயலுமானால், அதுவே இயற்கையோடு இயைந்த வீடு. அத்தகைய வீட்டைச் சிலருக்கு வாய்த்த கனவாக விட்டுவிடாமல் பலருக்கும் எட்டும் உரிமையாக ஆக்குவதே வீட்டு வசதித் திட்டங்களின் கடமையாகும்.